மனிதக் கழிவு மட்குரமும் பூச்செடி வளர்ப்பும்

மனிதக் கழிவு மட்குரம் என்பது மனித மலத்தைச் சாம்பல், உலர்மண், இலைச்சருகு ஆகியவற்றோடு சேர்த்து, நீர் புகாத தொட்டியில் நீண்டகாலம் மூடிவைத்துப் பெறப்படும் உரமாகும். நன்கு மட்கியபின் இது கருமை கலந்த பழுப்பு நிறத்தில், நாற்றமின்றி, உதிரியாக இருக்கும். மண்ணுக்கு உயிர்ப்பொருளைக் கூட்டும் இந்த உரத்தை உண்ணப்படாத பயிர்களுக்கு முதலில் இடுவதே நல்லது. அவ்வகையில் மல்லிகை, செவ்வந்தி, சம்பங்கி போன்ற பூச்செடிகள் இதற்கு ஏற்றவை.

காவிரியின் தென்கரையில், குடமுருட்டி பிரியும் இடத்தில் உள்ள ஊர் திருக்காட்டுப்பள்ளி. நெல்லும் வாழையும் விளையும் இவ்வட்டாரத்தில் தொழுவுரத்துக்கு எப்போதும் தேவை உண்டு. உழவு மாடுகள் குறைந்துபோனதால் அது கிடைப்பது அரிதாகிவிட்டது. அதே நேரத்தில் செப்டிக் டேங்க் கழிவை ஏற்றிவரும் லாரி அதை எங்கே கொட்டுவது என்ற சிக்கல் டெல்டாவின் எல்லா ஊர்களிலும் வளர்ந்துவருகிறது. ஒருபக்கம் உரத்துக்குத் தட்டுப்பாடு, மறுபக்கம் உரமாகக்கூடிய பொருள் வாய்க்காலில் கலக்கிறது. இரண்டையும் இணைக்கும் முயற்சி இதே ஆற்றின் கரையில் ஒருமுறை செய்து பார்க்கப்பட்டுள்ளது.

பழைய உரக்கிடங்குகள்

மனிதக் கழிவை நிலத்துக்கு இடுவது புதிய எண்ணம் அன்று. சீனாவிலும் ஜப்பானிலும் நகரங்களின் கழிவு நூற்றாண்டுகளாக வயலுக்குச் சென்றது. அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப். எச். கிங், கிழக்காசிய வேளாண்மையைப் பற்றி 1911இல் வெளிவந்த தம் நூலில் இதை விரிவாக எழுதினார். இந்தியாவில் சி. என். ஆச்சார்யா என்ற அறிவியலாளர் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1939இல் ஒரு முறையை உருவாக்கினார். பள்ளம் வெட்டி, நகரக் குப்பை ஓரடுக்கு, மலம் ஓரடுக்கு என மாற்றி மாற்றி நிரப்பி, மேலே மண்ணிட்டு மூடிப் பல மாதங்கள் விட்டுவிடும் இந்த முறை 'பெங்களூர் முறை' என்று பாடநூல்களில் இன்றும் உள்ளது. நகராட்சிகள் பல இதைப் பின்பற்றின. தமிழ்நாட்டு ஊர்களில் குப்பை கொட்டும் இடத்துக்கு 'உரக்கிடங்கு' என்ற பெயர் நிலைத்ததற்கு இப்படிப்பட்ட பழக்கமே பின்னணி. உரம் போய்விட்டது, பெயரும் குப்பைமேடும் தங்கிவிட்டன.

ஆனால் அந்தப் பழைய முறையை ஏக்கத்தோடு பேச எதுவும் இல்லை. எடுப்புக் கக்கூஸிலிருந்து வாளியிலும் கூடையிலும் மலத்தைச் சுமந்து கிடங்குக்குக் கொண்டுசேர்த்தவர்கள் சாதியின் பெயரால் அந்த வேலையில் அமர்த்தப்பட்டவர்கள். உரம் வயலுக்குப் போனது, இழிவும் நோயும் அவர்களிடம் தங்கின. இன்று இந்த உரத்தைப் பற்றி யார் பேசினாலும் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி, 'இதை அள்ளுவது யார், எந்த நிலையில் அள்ளுவது?' என்பதுதான்.

முசிறி முயற்சி

திருச்சிக்கு மேற்கே, குளித்தலைக்கு எதிர்க்கரையில், காவிரியின் வடகரையில் உள்ளது முசிறி. அங்கு இயங்கும் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தின் நிறுவனர் மராச்சி சுப்புராமன். துப்புரவுப் பணிக்காக 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் மிக மேலே இருப்பதால், குழிக் கழிப்பறைகள் மழைக்காலத்தில் நிரம்பிவிடும். பக்கத்துக் கிணற்று நீரும் கெடும். இதற்கு மாற்றாக இந்நிறுவனம் 'எக்கோசான்' எனப்படும் சூழல் கழிப்பறைகளைக் கட்டத் தொடங்கியது. முசிறி சாலியர் தெருவில் இதே அமைப்பில் ஒரு பொதுக்கழிப்பறை 2006இல் திறக்கப்பட்டது. கழிப்பறைக்குப் போனால் காசு வாங்குவதுதான் வழக்கம். இங்கே சில ஆண்டுகளில் அது தலைகீழானது. உரப்பொருள் தருகிறார்கள் என்ற கணக்கில், பயன்படுத்துவோருக்கே சிறு தொகை வழங்கப்பட்டது. செய்தித்தாள்கள் இதை ஒரு வேடிக்கையாக எழுதின. உண்மையில் அதில் ஒரு தெளிவான பொருளாதாரக் கருத்து இருந்தது.

இந்த வடிவமைப்புக்கு முன்னோடி, 1990களில் கேரளத்தின் திருவனந்தபுரம் கடற்கரையில் மீனவர்களோடு பணியாற்றிய பால் கால்வெர்ட் என்ற ஆங்கிலேயர். மேலை நாடுகளின் உலர் கழிப்பறையில் காகிதத்தால் துடைப்பார்கள். நாம் தண்ணீரால் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர் மலத் தொட்டியில் விழுந்தால் எல்லாம் கெட்டுவிடும். எனவே மூன்று தனி வழிகள் அமைக்கப்பட்டன: மலம் கீழுள்ள தொட்டிக்கு, சிறுநீர் முன்பக்கக் குழாய் வழியே கலனுக்கு, கழுவும் நீர் தனிக் கால்வாய் வழியே கல்வாழை போன்ற செடிகள் நட்ட பாத்திக்கு. கல்வாழையின் சிவப்புப் பூக்களே இந்தக் கழிப்பறையின் முதல் விளைச்சல் என்று சொல்லலாம்.

தொட்டிகள் தரைமட்டத்துக்கு மேலே கட்டப்படும்; படியேறித்தான் போக வேண்டும். தொட்டிகள் இரண்டு. ஒவ்வொரு முறையும் ஒரு கை சாம்பலோ உலர்மண்ணோ தூவ வேண்டும். ஒன்று நிறைந்ததும் அதன் துளையை மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவார்கள். இரண்டாவது நிறைவதற்குள் முதல் தொட்டியில் உள்ளது உரமாகிவிடும். குடும்பத்துக்கு ஒரு தொட்டி நிறைய ஏறக்குறைய ஓராண்டு ஆகும்படி அளவு வைப்பது நல்லது.

அரசுத் திட்டங்களில் பரவலாகக் கட்டப்படும் இரட்டைக் குழிக் கழிப்பறையும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. வறண்ட மேட்டுநிலத்துக்கு அது எளிது, மலிவு. ஆனால் குழியின் அடிப்பகுதிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொது விதி. ஐப்பசி, கார்த்திகையில் கையால் மொண்டெடுக்கும் உயரத்துக்குக் கிணற்று நீர் ஏறும் டெல்டாவில் இந்த இடைவெளி கிடைப்பது கடினம். தரைக்கு மேலே தொட்டி கட்டுவது இங்கே ஆடம்பரம் அன்று, தேவை.

காலமே மருந்து

புதிய மலத்தில் நோய்க்கிருமிகள் ஏராளம். பாக்டீரியாவும் வைரசும் பெரும்பாலும் சில மாதங்களில் அழிந்துவிடும். கடைசி வரை தாக்குப்பிடிப்பது உருளைப்புழுவின் முட்டை. ஒரு பெண் உருளைப்புழு நாளொன்றுக்கு 2 லட்சம் முட்டைகள் வரை இடும். தடித்த ஓடுள்ள அம்முட்டைகள் ஈரமண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே உரம் பாதுகாப்பானதா என்பதை அறிய, புழு முட்டைகளின் நிலையையே அளவுகோலாகக் கொள்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, 20 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள இடங்களில் மலத்தை ஓராண்டுக்கு மேல் இருப்பில் வைக்க வேண்டும். இடையில் புதிய மலம் சேரக்கூடாது. வெப்பத்தால் மட்கச் செய்வதானால், குவியல் முழுவதும் 50 பாகைக்கு மேல் ஒரு வாரமாவது இருக்க வேண்டும். வீட்டுக் கழிப்பறையின் சிறு தொட்டி அந்த அளவுக்குச் சூடாவதில்லை. அங்கே கிருமியைக் கொல்வது வறட்சியும், சாம்பலின் காரத்தன்மையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலமும்தான். 'ஆறு மாதத்தில் உரம் தயார்' என்று சில கையேடுகளில் காணப்படும் வாசகத்தை, உரிய கார அளவும் உலர்ச்சியும் அளந்து பார்க்கப்படாத இடங்களில் நம்பக்கூடாது. நாற்றம் போய்விட்டது என்பது கிருமி போய்விட்டது என்பதற்குச் சான்றாகாது.

பினாயில், பிளீச்சிங் பவுடர் போன்றவை மட்கவைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பதால் அவற்றைத் தொட்டிக்குள் ஊற்றுவதில்லை. நாப்கின், பிளாஸ்டிக் போடுவதும் கூடாது. செப்டிக் டேங்க் லாரி கொண்டுவரும் கழிவு வேறு. அதில் நேற்றைய மலமும் பத்தாண்டு மண்டியும் கலந்தே இருக்கும். அதை நேராக வயலிலோ தோப்பிலோ பாய்ச்சுவது உரமிடுதல் ஆகாது. சுத்திகரிப்பு நிலையத்துக்கே அது போக வேண்டும். இது தொடர்பாகத் தமிழ்நாடு அரசு 2014இல் செயல்முறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கெனத் தனிச் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கப்பட்டது.

சட்டம் வரைந்த கோடு

கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் முதலில் 1993இல் வந்தது. பின்னர் இன்னும் விரிவாக 2013இல் வந்தது. இரண்டாவது சட்டம் 'சுகாதாரமற்ற கழிப்பறை' என்பதற்குத் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. மலம் முழுமையாக மட்குவதற்கு முன்பே மனிதர் கையால் அகற்ற வேண்டியிருக்கும் கழிப்பறையே அவ்வகையில் அடங்கும். அதாவது மட்கி முடிந்ததை எடுப்பதற்கும் மட்காததை அள்ளுவதற்கும் இடையே சட்டம் கோடு கிழிக்கிறது. மருத்துவம் கேட்பதும் சட்டம் கேட்பதும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இரண்டும் கேட்பது காலம். அவசரப்பட்டுத் தொட்டியைத் திறக்கும் வீட்டுக்காரர் தன் தோட்டத்துக்கு நோயைக் கொண்டுவருகிறார். கூலிக்கு இன்னொருவரை அந்த வேலைக்கு அழைத்தால் குற்றமும் செய்கிறார்.

சட்டப்படி சரியாக இருந்தாலும் மனத்தடை போவதில்லை. 2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் கங்காதேவிபள்ளி கிராமத்தில், மத்திய குடிநீர், துப்புரவுத் துறைச் செயலாளராக இருந்த பரமேஸ்வரன் ஐயர் தாமே கழிப்பறைக் குழிக்குள் இறங்கி, மட்கிய உரத்தை அள்ளி வெளியே போட்டார். ஓர் உயர் அதிகாரி இறங்கிக் காட்ட வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்லும். தமிழர் பெருமளவில் வாழும் தென்னாப்பிரிக்க நகரமான டர்பனில், மாநகராட்சி 75,000க்கும் மேற்பட்ட இவ்வகை உலர் கழிப்பறைகளை வீடுகளுக்குக் கட்டித்தந்தது. அங்கும் தொட்டியைத் தாமே காலிசெய்ய மக்கள் தயங்கினார்கள். தண்ணீர் ஊற்றும் கழிப்பறைதான் மதிப்பு என்று கருதினார்கள். தன் வீட்டு உரத்தைத் தானே எடுத்துத் தன் செடிக்கே போடும் குடும்பத்தில்தான் இந்த முறை நிலைத்து நிற்கும். 'ஆள் வைத்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் உள்ள இடத்தில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

பூச்செடிகளுக்கு இடும் முறை

உண்ணாத பயிர் என்பதால் பூவில் ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பூவைக் கை பறிக்கிறது, கை தொடுக்கிறது. தொடுக்கும்போது நாரைப் பல்லால் கடித்து அறுப்பது பலருக்குப் பழக்கம். விடியற்காலையில் ஈரச்செடிகளுக்கு இடையே வெறுங்காலோடு நடப்பவருக்குக் கொக்கிப்புழு பாதம் வழியே ஏறும். ஆகவே பூவைச் சூடுபவரைவிட, அதைப் பறிப்பவரையும் தொடுப்பவரையும் மனத்தில் வைத்துத்தான் உரமிட வேண்டும்.

எந்தப் பூ ஏற்றது என்பதை, உரமிடுவதற்கும் முதல் பறிப்புக்கும் இடையே எவ்வளவு காலம் கிடைக்கிறது என்பது முடிவுசெய்கிறது. குறைந்தது ஒரு மாத இடைவெளி வேண்டும். குண்டுமல்லிக்கு இது இயல்பாகவே அமைந்துள்ளது. நவம்பர் கடைசி வாரத்தில் செடியைக் கவாத்து செய்கிறார்கள். பிறகு பூ வரத் தொடங்க மாசி, பங்குனி ஆகும். கவாத்து முடிந்ததும் செடியைச் சுற்றி வட்டமாகப் பறித்து உரத்தை இட்டு மண்ணால் மூடினால் ஏறத்தாழ மூன்று மாத இடைவெளி கிடைக்கிறது. கார்த்திகை அடைமழை நீடித்து வயலில் நீர் நிற்குமானால், மழை விட்டபின் இடுவது நல்லது. செவ்வந்தி, துலுக்கச் செவ்வந்தி ஆகியவற்றுக்கு நடவுக்கு முன் அடியுரமாகவும், சம்பங்கிக்குக் கிழங்கு ஊன்றும்போதும் இடலாம். ஆண்டு முழுவதும் பறித்துக்கொண்டே இருக்கும் கனகாம்பரத்துக்கு நடவின்போது தவிர வேறு சமயத்தில் இடாமல் இருப்பது நலம். எந்தச் செடிக்கும் மேற்பரப்பில் தூவிவிட்டுப் போகக்கூடாது. கையுறையும் செருப்பும் வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பால் கைகழுவ வேண்டும். பூச்செடிகளுக்கு ஊடே கீரை, முள்ளங்கி போன்ற ஊடுபயிர் இருந்தால் அந்த வரிசைகளில் இந்த உரத்துக்கு இடமில்லை.

மல்லிகைக்கு மட்டும் பொருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. சாம்பல் அதிகம் கலந்த உரம் காரத்தன்மை உடையது. கார மண்ணில் மல்லிகைக்கு இரும்புச்சத்து எட்டாமல் இளம் இலைகள் வெளிறி மஞ்சளாகும். எனவே மல்லித் தோட்டம் வைத்திருப்பவர்கள், தொட்டியிலிருந்து எடுத்த உரத்தை நிழலில் குவித்து, இலைச்சருகும் வண்டல் மண்ணும் கலந்து மேலும் இரண்டு மூன்று மாதங்கள் மட்கவிட்டு இடுவது நல்லது.

எவ்வளவு செடிக்குப் போதும்?

இதில்தான் பலருக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 10 கிலோ, தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம் எனத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இந்திய உணவு உண்ணும் ஒருவரின் கழிவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2.7 கிலோ நைட்ரஜன், 0.4 கிலோ பாஸ்பரஸ், 1.5 கிலோ பொட்டாசியம் இருப்பதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். உர வழக்கிலுள்ள மணிச்சத்து, சாம்பல்சத்து அளவுகளாக இதை மாற்றிக் கணக்கிட்டால், தழைச்சத்து 45 செடிகளுக்கும், சாம்பல்சத்து 15 செடிகளுக்கும், மணிச்சத்து 7 செடிகளுக்கும் வரும். இழப்பு எதுவும் இல்லை என்று கொண்டால்தான் இந்தக் கணக்கு.

ஆனால் அந்தத் தழைச்சத்தில் 2.3 கிலோ இருப்பது சிறுநீரில். மலத்தில் இருப்பது 0.3 கிலோ மட்டுமே. அதிலும் ஒரு பகுதி மட்கும்போது காற்றில் கலந்துவிடும். ஒருவர் ஓராண்டில் கழிக்கும் மலத்தில் உள்ள மணிச்சத்து இரண்டு மல்லிச் செடிகளுக்குக்கூடச் சரியாகப் போதாது. மலத்தில் முக்கால் பங்கு நீர். அது உலர்ந்தபின் மிஞ்சுவது சில கூடைகள்தான். ஆகவே மனிதக் கழிவு மட்குரத்தை ரசாயன உரத்துக்கு மாற்றாக நினைப்பது தவறு. அது தொழுவுரத்துக்கு மாற்று. மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்துவைக்கும், நுண்ணுயிருக்கு இரையாகும். உண்மையான உரம், நாம் ஒரு பொருட்டாக எண்ணாத சிறுநீர்தான்.

சிறுநீரை மூடிய கலனில் வைத்தால் அதிலுள்ள யூரியா அம்மோனியாவாக மாறிக் காரத்தன்மை ஏறும். அதுவே கிருமிகளைக் கொல்லும். 20 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஆறு மாதம் வைத்திருந்தால் எல்லாப் பயிருக்கும் ஏற்றது என்கிறது உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல். கலன் திறந்திருந்தால் தழைச்சத்து நாற்றமாகப் பறந்துவிடும். மூன்று முதல் பத்து மடங்கு நீர் கலந்து, செடியிலிருந்து சற்றுத் தள்ளிச் சால் பறித்து ஊற்றி, உடனே மண்ணால் மூட வேண்டும். இலையில் பட்டால் கருகும். சிறுநீரில் உப்பும் இருப்பதால் வடிகால் இல்லாத களிமண்ணிலும், உவர் ஏறிய கடலோர நிலத்திலும் தொடர்ந்து ஊற்றுவது கெடுதல். திருக்காட்டுப்பள்ளி போன்ற டெல்டாவின் தலைப்பகுதி வண்டலில் இந்தக் கவலை குறைவு. முசிறியில் சேகரித்த சிறுநீரை வாழைக்கு இட்டுப் பார்க்கும் ஆய்வைத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் மேற்கொண்டது. சாம்பல்சத்தை அதிகம் கேட்கும் வாழைக்கு அது பொருந்தும்.

பெருநகரக் கழிவும் வீட்டு உரமும்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் தன் கழிவுநீர்ச் சேற்றை உலர்த்தி 'மில்லார்கனைட்' என்ற பெயரில் 1926 முதல் புல்தரைக்கும் பூந்தோட்டத்துக்கும் உரமாக விற்றுவருகிறது. இலங்கையின் பலாங்கொடை நகரசபை, நகரக் குப்பையோடு கழிவுத்தொட்டிச் சேற்றையும் சேர்த்து மட்கவைத்து விற்பனை செய்தது. ஹெய்ட்டியில் சாயில் என்ற அமைப்பு வீட்டுக் கழிப்பறைகளிலிருந்து கழிவைச் சேகரித்து, அதிக வெப்பத்தில் மட்கவைக்கிறது.

பெருநகரக் கழிவுநீரில் வீட்டுக் கழிவு மட்டும் வருவதில்லை. தொழிற்சாலைகளின் உலோகங்களும் அழியா வேதிப்பொருள்களும் கலந்துவரும். அதனால்தான் அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகள் கழிவுநீர்ச் சேற்றை ஏற்பதில்லை. மெய்ன் மாநிலம் 2022இல் அதை நிலத்தில் இடுவதையே தடைசெய்தது. ஒரு குடும்பத்தின் தொட்டியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. அங்கே சேரக்கூடிய வேண்டாப் பொருள், உட்கொண்ட மருந்துகளின் எச்சம்தான். வீட்டில் ஒருவர் புற்றுநோய் மருந்து போன்ற கடுமையான சிகிச்சையில் இருந்தால், அந்தக் காலத்துக் கழிவை உரத்துக்குச் சேர்க்காமல் விடுவது நல்லது.

மாட்டுச்சாணத்தால் வாசல் மெழுகி அதன்மேல் பரங்கிப்பூ வைக்கும் ஊரில், மனிதக் கழிவில் விளைந்த மல்லியைச் சாமிக்குச் சாத்தலாமா என்ற கேள்வி எழாமல் இருக்காது. மட்கியபின் வேரடியில் இருப்பது மண்தான். செடி உறிஞ்சும் உப்பில் மாடு, மனிதர் என்ற பேதம் இல்லை. ஆனாலும் வாங்குபவரிடம் மறைத்து விற்பது முறையன்று. தஞ்சாவூர்ப் பூக்காரத் தெருவுக்குப் போகும் மூட்டையில் இதைச் சேர்ப்பதற்கு முன், வீட்டு வாசலில் உள்ள இரண்டு அரளிக்கும் நாலு மல்லிக்கும் போட்டுப் பார்த்து, ஒரு பருவம் முழுவதும் தொட்டியைச் சரியாகப் பராமரிக்கப் பழகுவதே தொடங்கும் வழி. மூடிய தொட்டியின்மேல் மூடிய நாளைச் சுண்ணாம்பால் எழுதிவைக்கலாம். அடுத்த ஆண்டு அதே நாள் வரும்வரை அதைத் திறக்கக்கூடாது.